மேடு தேடிய சனிக்கிழமைகள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் கொமுட்டர் ரயில் சுபாங் ஜெயாவில் நிற்கும்போது நான் வெளியே பார்க்க மாட்டேன். அந்த நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் என் மகள் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இறங்கினால் அவளைப் பார்த்துவிடலாம். பார்த்தால் அவள் கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அதனால் கதவு மூடும்வரை கைப்பையைத் துழாவிக்கொண்டிருப்பேன்.

அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்பதுதான்.

எங்கள் வீடு கிள்ளானில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில், மரங்களைச் சாய்த்துவிட்டு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. நான் சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித்தான் இங்கே வந்தேன். வந்ததிலிருந்து இங்கே வெள்ளம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன்பு, ஆண்டுக் கடைசியில் ஒரு வார இறுதி முழுக்க மழை விடாமல் பெய்தபோது பார்த்தேன். என் கணவர் வேலையிலிருந்து திரும்பும் வழியில் ஷா ஆலாமிலேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் மகளும் மட்டும். கால்வாய்த் தண்ணீர் வாசலைத் தாண்டியபோது எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வந்துடுங்க.

தோட்டக் காலத்திலிருந்தே அதுதான் வழக்கமாம். தண்ணீர் வந்தால் கோயிலுக்குப் போவது. யாரும் யோசிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆட்கள் போனார்கள். நாங்களும் போனோம்.

கோயில் மண்டபம் பெரிய கால்வாயின் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கால்வாய் எது, சாலை எது என்று தெரியாமல் போனது. மண்டபத்தின் வெளிப்புறப் படி வழியாக எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னார்கள். படிக்கு அருகில் மகளின் கை என் கையிலிருந்து நழுவியது. அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள். யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். நடந்தது அவ்வளவுதான். அவள் இருமினாள், மூக்கைச் சிந்தினாள், செருப்பு போச்சே என்றாள். மறுநாள் படகு வந்து எங்களைப் பள்ளிக்கூட நிவாரண மையத்துக்குக் கொண்டுபோனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் தலை தெரியாமல் போன அந்த நேரம் எனக்குள் இன்னும் முடியவில்லை. குழாயில் தண்ணீர் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து போய் மூடிவிடுகிறேன்.

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி முடித்ததும் அவளை சுபாங் ஜெயாவில் கொண்டுபோய் விட்டது நான்தான். அப்போது அவளுக்கு அங்கே வேலை. அதனால் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பிறகு கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு பிசியோதெரப்பி வேலை கிடைத்தது. அன்று மாலையே போன் வந்தது.

"மா, வேல கிள்ளான்ல. வீடு கிள்ளான்ல. நான் மட்டும் சுபாங்ல என்ன பண்றேன்?"

"கொஞ்ச நாள் பொறு."

"எதுக்கு?"

"அந்த எடத்தப் பத்தி முழுசாத் தெரிஞ்சுக்கணும்."

"எந்த எடம்? நம்ம வீடா? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுக்கப் போறீங்களா?"

வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். "யாரு வாங்குவா? வர்றவன் மொதக் கேள்வியே தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னுதான்" என்றார். பிறகு இன்னொரு வரிசை செங்கல் வைத்தார். இப்போது பால் எடுக்க நான் குதிகாலைத் தூக்க வேண்டியிருக்கிறது.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். காகிதம் இல்லாமல் அங்கே ஒரு கொள்கலன்கூட நகராது. இத்தனை வருடம் அந்த வேலையைச் செய்ததால் எனக்கு ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது. உலகத்தில் எந்த விஷயமானாலும் அதற்கு எங்கேயோ ஒரு காகிதம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று. எங்கள் நிலத்தில் மறுபடியும் தண்ணீர் ஏறுமா என்பதற்கும் யாராவது பதில் எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மதிய இடைவேளையில் போனில் தேடத் தொடங்கினேன். தேடல் என்னை ஒரு பல்கலைக்கழகத்தின் மின் களஞ்சியத்தில் கொண்டுபோய் விட்டது. அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே படித்தவர்கள் எழுதிய ஆய்வேடுகள், அளந்த அளவுகள், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார்கள். கிள்ளான் என்று போட்டால் என்னென்னமோ வந்தது. ஆற்று மீன்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்திருக்கிறார். கரிமண்ணில் கட்டடம் எப்படி இறங்குகிறது என்று ஒருவர் அளந்திருக்கிறார். கள்ளுக்கடைகள் பற்றி ஒன்று, கொசு பற்றிப் பல, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்பது பற்றி ஒன்று. பெரும்பாலானவற்றில் முதல் சில பக்கங்கள் மட்டும் திறந்தன. நன்றியுரை வரைக்கும் படிக்கலாம். எல்லோரும் அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு பூட்டு.

முழுவதும் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரு சனிக்கிழமை போனேன்.

அந்தப் பிரிவில் பொறுப்பில் இருந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண். என்னைவிட இளையவர். தலையை மூடிய தூடோங்குக்கு மேலே பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கழற்றினார்.

"என்ன ஆராய்ச்சி அக்கா?"

"ஆராய்ச்சி இல்லம்மா. என் மக வீட்டுக்கு வரலாமான்னு பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தத் தலைப்புல இங்க ஒண்ணும் இல்லியே லா" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, எங்க வீடு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எத்தனை சனிக்கிழமை போனேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் அசதி கூடும். காலையில் ரயில் ஏறி, மகளின் நிலையத்தில் பையைத் துழாவி, மத்திய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். குளிர் அதிகமான அந்த அறையில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் திறந்து தருவதைப் படிப்பேன். தோட்ட அலுவலகங்கள் நாள்தோறும் அளந்த மழையின் அளவுகள் இருந்தன. விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. அவற்றில் எங்கள் இடம் சீப்பால் வாரிய தலைபோல் மரங்களாகவே இருந்தது. தோட்ட மருத்துவரின் அறிக்கைகளில் காய்ச்சலும் பேதியும் தவிர வேறில்லை. கோயில் திருவிழா நோட்டீசுகளை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக் கொடுத்திருந்தார். மொழியியல் மாணவர் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு மனநிலை எப்படி இருக்கிறது என்று நிவாரண மையங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பும் இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் பாயில் கிடந்தபோது ஒரு மாணவி வந்து என்னிடமும் கேள்வி கேட்டது ஞாபகம் வந்தது. அது இதுதானா என்று தெரியவில்லை. அட்டவணையைப் பார்த்தேன். நன்றாகத் தூங்குகிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றவர்களின் கட்டத்தில் நானும் இருக்கலாம். பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்லவில்லை. மழையை அளந்தவர் தண்ணீர் எங்கே போனது என்று எழுதவில்லை. மண்ணைத் தோண்டியவருக்கு மழை பற்றிக் கவலை இல்லை. ஒருநாள் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க எல்லாம் இருக்கு அக்கா. நீங்க தேடறதத் தவிர."

"நீ இப்படிச் சொன்னா நான் எங்கம்மா போவேன்?"

"போய் சாப்பிட்டு வாங்க. மொதல்ல சாப்பிட்டு வாங்க."

என் சனிக்கிழமைகளைப் பற்றித் தெரிந்த மகள் விடாமல் கூப்பிட்டதால் அன்று அவளை பிரிக்ஃபீல்ட்ஸில் சந்திப்பதாக இருந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிறவரிடம், "அண்ணே, எங்கம்மாவுக்கு ரசம் மொதல்ல ஊத்துங்க, புரொபசர் களைச்சுப் போய் வந்திருக்காங்க" என்றாள். அவரும் எதற்கென்று தெரியாமலே என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவள் கேட்டாள், "மா, போன வாரம் ரயில்ல பையில என்ன தேடினீங்க?"

"எப்ப?"

"சுபாங் பிளாட்பாரத்துல. நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன். நீங்க போவீங்கன்னு தெரியும். ஜன்னலுக்கு நேரா நின்னேன். கையக்கூட ஆட்டினேன்."

இலையை மூடினேன்.

"நான் தண்ணியில விழுந்தது எனக்கே பாதி மறந்துபோச்சு. ஆனா வீட்டுக்கு வராதன்னு எங்கம்மா சொன்னது மறக்க மாட்டேங்குது" என்றாள். கோபம் எதுவும் இல்லாமல், நோயாளியிடம் முழங்காலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள். "இந்த மாசக் கடைசியில ரூம காலி பண்றேன். வேற ரூம் பாக்கணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க. அதோட நானும் கேக்கறத விட்டுடுவேன்."

இந்த மாசக் கடைசி. அதற்குள் நான் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு அறை பார் என்று சொன்னால் அவள் பார்த்துக்கொள்வாள். பிறகு அவள் கிள்ளானில் இருந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் எனக்கு ஹெட்போனைக் கொடுத்தார். பழைய ஒலிநாடாக்களை அவர்கள் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிற்சங்கம் பற்றி யாரோ ஆய்வு செய்தபோது எடுத்த பேட்டிகள். "உங்க எடத்துல இருந்த தோட்டம்தான்னு நெனக்கிறேன் அக்கா. ஆனா பேட்டி சங்கத்தப் பத்தி. உங்களுக்கு உதவுமான்னு தெரியல" என்றார்.

பேசியது ரப்பர் பால்மரம் வெட்டும் ஒரு பெண். பின்னால் சேவல் ஒன்று ஓயாமல் கூவியது. பேட்டி எடுத்தவர் இளைஞராக இருக்க வேண்டும், அவசரக்காரர்.

"வேலைநிறுத்தம் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அப்ப தண்ணி வந்திருந்திச்சு. லயத்து வீட்டுல இருக்க முடியல. எல்லாரும் கோயில்லதான் கெடந்தோம்."

"சரி, சங்கத்துக்காரங்க வந்து என்ன சொன்னாங்க?"

"அவங்க கீழ நின்னுதான் பேசினாங்க. மேட்டுக்கு ஏறி வர மாட்டேன்னுட்டாங்க, வழுக்குதுன்னு. நாங்க மேல, அவங்க கீழ. எங்க கோயிலு மேட்டுல இருந்திச்சு பாருங்க. தண்ணி எவ்வளவு வந்தாலும் அங்க…"

"அது இருக்கட்டும் அக்கா. சம்பளக் கோரிக்கையப் பத்தி சொல்லுங்க."

எனக்கு அந்த இளைஞரின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அவளும் போய்விட்டாள். நான் பின்னால் தள்ளித் தள்ளி அந்த ஒரு வரியையே கேட்டேன். எங்க கோயிலு மேட்டுல இருந்திச்சு.

எங்கள் கோயில் மேட்டில் இல்லை. கால்வாய் ஓரத்தில், பள்ளத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் தோட்டத்தின் பழைய நில வரைபடத்தைத் திரையில் திறந்தார். லயங்கள், அலுவலகம், கணக்கு எழுதும் கிராணியின் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. இப்போது கோயில் இருக்கும் கால்வாய்ப் பக்கம் எதுவும் கட்டாத வெற்றிடம். கோயில் அங்கே இல்லை. செம்மண் சாலை ஒரு முழங்கைபோல் வளையும் இடத்துக்கு மேலே, சரிவைக் காட்டும் கோடுகளுக்கு நடுவில் இருந்தது. என் போனில் இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தோம். அந்த வளைவு அப்படியே இருந்தது. இப்போது அது எங்கள் தாமானின் பெரிய சாலை. கோயில் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பிள்ளைகள் விளையாடும் திடலும்.

எனக்கு அந்தத் திடல் நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் அங்கேதான் நடக்கப் போவேன். தொட்டிப் பக்கம் வரும்போது மூச்சு வாங்கும். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வருடா வருடம் திருவிழாவில் அம்மன் ரதம் அந்தத் தொட்டி வரை வரும். வேலி ஓரத்தில், ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு தேங்காய் உடைத்து சூடம் காட்டிவிட்டுத் திரும்பும். ரதம் திரும்புவதற்கு அங்கேதான் இடம் அகலம், அதனால் அங்கே வருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கூட்டத்தோடு நின்று நானும் கும்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய் நிர்வாகத் தலைவரைப் பார்த்தேன். லோரி வைத்து ஓட்டுகிறவர். வாட்ஸ்அப்பில் எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்தவரும் அவர்தான்.

"அண்ணே, பழைய கோயில் தொட்டிப் பக்கமா இருந்துச்சு?"

"ஆமா. வீடு கட்ட வந்தப்ப இந்த எடத்தக் குடுத்து மாத்தினாங்க. எல்லாருக்கும் தெரியுமே."

"அன்னிக்கு அங்க தண்ணி ஏறுச்சா?"

"எங்க ஏறுச்சு. என் லோரிய அங்கதான் போட்டு வச்சிருந்தேன். ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏண்ணே எங்கள எல்லாம் இங்க கூப்டீங்க?"

அவர் மண்டபத்துப் படியைப் பார்த்தார். சுவரில் வெள்ளத்தின் சேற்றுக் கோட்டின்மேல் அடித்த சுண்ணாம்பு உரிந்து கோடு மறுபடி தெரிந்தது.

"கோயிலுக்குன்னா கோயிலுக்குத்தானம்மா வரச் சொல்லுவோம்" என்றார். "வெறும் தொட்டிக்கு யாரு வரச் சொல்லுவா?"

அவர்மேல் கோபம் வரவில்லை. நானும்தான் போனேன். பாயும் அரிசியுமாகப் போன அத்தனை பேரில் ஒருவருக்கும் வேறு இடம் தோன்றவில்லை. சாமி இடம் மாறியது, நாங்களும் சாமி பின்னால் போனோம். மேடு அங்கேயே இருந்துவிட்டது.

மாசக் கடைசிக்குச் சில நாட்கள் இருக்கும்போது மகளை வரச் சொன்னேன். வெளியே தூறல். காபிகூடக் கொடுக்காமல் குடையை எடுத்துக்கொண்டு, வா நடக்கலாம் என்றேன்.

"மழையிலயா? நீங்களா கூப்பிடறீங்க?" என்றாள்.

கணவரும் வந்தார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கால்வாய்க்கு எதிர்ப்பக்கமாக, கடைவரிசையைத் தாண்டி, வளைவில் ஏறினோம். நான் என் மூச்சைக் கவனித்துக்கொண்டே போனேன். வாங்கத் தொடங்கிய இடத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை கீழே இருந்தது. அவ்வளவு கீழே இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒலிநாடா, வரைபடம், தேங்காய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொட்டியின் வேலியைப் பிடித்தபடி கேட்டாள்.

"இதுக்குத்தானா இத்தன சனிக்கிழம?"

"ஆமா."

"தண்ணி இனிமே வராதுன்னு எங்கயும் எழுதலியா?"

"எழுதல. எல்லாத்தையும் பாத்துட்டேன். யாரும் எழுதல."

"எழுத மாட்டாங்கம்மா."

"தெரியும். வரும்னுதான் நெனக்கிறேன். வந்தா வீடு முழுகும். இந்த எடம் முழுகாது."

அவள் கீழே எங்கள் கூரையைப் பார்த்தாள். அவள் அப்பா குடையை அவள் பக்கம் சாய்த்தார். அவருடைய தோள் நனைந்தது.

"அப்ப மழ பெருசா வந்தா நேரா இங்க" என்றாள்.

"யாரு எங்க கூப்பிட்டாலும் நேரா இங்க. எனக்குக்கூடக் காத்திருக்காத. கையப் புடிக்கறேன்னு நிக்காத. நட."

"நீங்க?"

"நான் பின்னாடி வருவேன். மூச்சு வாங்கிக்கிட்டே வருவேன்."

அவள் சிரித்தாள். பிறகு, "நான் பேக் பண்ணட்டா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அவள் வந்துவிட்டாள். அவளுடைய பெட்டிகள் கூடத்தில் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. பிரி என்று நான் சொல்லவும் இல்லை. மழை கனத்தால் கணவர் காரைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே இறங்கி வருகிறார். களஞ்சியத்துப் பெண் ஒருமுறை அழைத்து, நான் பார்த்ததைப் பதிவு செய்து கொடுக்க முடியுமா, அதையும் சேர்த்து வைக்கிறோம் என்றார். வருகிறேன் என்றேன், இன்னும் போகவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது தூங்குகிறேன். ஆழ்ந்த தூக்கம் இல்லை. அடுத்த அறையில் அவள் புரண்டு படுப்பது கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.